எட்டு மேசைகள், பதின்மூன்று பணியாளர்கள்: கடைவீட்டு மேல்மாடியில் பகிர்வு மேசைகளை அமைப்பது எப்படி?

மேல்மாடிக் கணக்கர் (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் சிறு வணிகர்களுக்கும் தோட்டப்புறக் கூட்டுறவுக் கழகங்களுக்கும் கணக்கு எழுதித் தரும் அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை 2024 ஆகஸ்ட் மாதம் தொடங்கிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து வேலை பெருகியிருக்கிறது. பணியாளர்களும் இப்போது பதின்மூன்று பேர். தரைத்தளத்தில் இருக்கும் பழைய அறை போதாமையால், கடைத்தெருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டேன். அகலம் 20 அடி, நீளம் ஏறத்தாழ 60 அடி. முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே சன்னல்கள் உள்ளன. இரு பக்கச் சுவர்களும் அடுத்த கடைகளுக்குப் பொதுவானவை. கோப்பறைக்கும் வாடிக்கையாளரைச் சந்திக்கும் சிறு அறைக்கும் தேநீர் மூலைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, நெருக்கியடிக்காமல் எட்டு மேசைகள் போடலாம்.

எட்டு போதும் என்று நான் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. மூவர் வாரத்தின் பெரும்பகுதியை வாடிக்கையாளர்களின் இடங்களிலேயே கழிக்கிறார்கள். வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பின், நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் உரிமை பணியாளருக்கு உண்டு, முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈப்போவிலிருந்து வரும் நால்வர் அவ்வாறு விண்ணப்பித்தார்கள்; வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்புக்கொண்டேன். ஆகவே யாருக்கும் நிலையான மேசை இல்லாமல், அன்றன்று வருபவர் காலியாக உள்ள மேசையில் அமரும் முறைக்கு மாற எண்ணுகிறேன்.

எனக்குத் தெளிவு தேவைப்படும் இடங்கள் இவை. ஒருவர் எழுந்து மற்றொருவர் அமர்ந்ததும் தேடுதலும் குழப்பமும் இன்றி வேலையைத் தொடங்க வேண்டுமானால், ஒவ்வொரு மேசையிலும் என்னென்ன இருக்க வேண்டும்? ஆறடி உயரமுள்ளவரும் ஐந்தடிக்குக் குறைவானவரும் ஒரே நாற்காலியை எப்படிப் பகிர்ந்துகொள்வது? மடிக்கணினிகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை ஒரே திரையோடு இணைக்க முடியுமா? பழைய கட்டடத்தின் மின்கம்பிகள் இத்தனை கருவிகளைத் தாங்குமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பணியாளர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டத்து ஆபீசில் கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) மேசைக்கு எதிரே, சன்னலுக்கு வெளியே நின்று சம்பளம் வாங்கிய பெற்றோருக்கு, தம் மகளுக்கென்று ஓர் அலுவலகத்தில் ஒரு மேசை இருக்கிறது என்பது சிறிய செய்தி அல்ல. அந்த மேசையை எடுத்துவிடுகிறேன் என்று நான் சொல்லும்போது அது எப்படிக் கேட்கும் என்பதையும் நினைத்துத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

மரமும் மேசையும் (ஈப்போ) பதில்:

ஐயா, அலுவலகத் தளவாடங்கள் செய்து பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். மேசையைவிட நாற்காலிக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. நிலையான இடத்தில் ஒருவர் மட்டும் அமரும்போது, நாற்காலி சரியாக அமையாவிட்டாலும் ஒரு மெத்தையை வைத்தோ காலுக்கு ஒரு பெட்டியை இட்டோ அவர் சமாளித்துக்கொள்வார். பகிர்ந்து அமரும் இடத்தில் அந்தச் சமாளிப்பு எதுவும் அடுத்தவருக்குப் பொருந்தாது. எனவே இருக்கையின் உயரம், இருக்கையின் ஆழம், முதுகுத் தாங்கியின் உயரம், கைப்பிடியின் உயரம் ஆகிய நான்கையும், உட்கார்ந்தபடியே, கருவி ஏதுமின்றி மாற்றக்கூடிய நாற்காலியாகப் பார்த்து வாங்க வேண்டும். திருகாணியைக் கழற்றி மாற்றும் கைப்பிடி பகிர்வு அலுவலகத்தில் ஒருபோதும் மாற்றப்படாது. இருக்கையின் உயரம் 40 செண்டிமீட்டருக்கு அருகில் வரை இறங்குகிறதா என்று கடையிலேயே அளந்து பாருங்கள். இங்கு விற்கும் பல நாற்காலிகள் 45க்குக் கீழே இறங்குவதில்லை.

மேசையின் உயரம் பொதுவாக 72 முதல் 75 செண்டிமீட்டர் வரை இருக்கும். ஐந்தடிக்குக் குறைவான ஒரு பெண்மணி பாதம் தரையில் படியுமாறு அமர்ந்தால், அவருடைய முழங்கை ஏறத்தாழ 63 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 74 செண்டிமீட்டர் மேசையில் தட்டச்சு செய்ய அவர் தோளை உயர்த்தியே ஆக வேண்டும். மாலையில் கழுத்து வலிக்கும். நாற்காலியைப் பத்து செண்டிமீட்டர் உயர்த்தினால் கை சரியாகும், ஆனால் பாதம் தொங்கும். அதனால் மேசைதோறும் ஒரு சாய்வான பாதத்தாங்கி கட்டாயம் வேண்டும். விலை குறைவான பொருள்தான். இருந்தும் பட்டியல் எழுதும்போது பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். எட்டில் இரண்டையாவது உயரம் மாற்றக்கூடிய மேசைகளாக வாங்க முடிந்தால் வாங்குங்கள். மின்மோட்டார் வேண்டுமென்பதில்லை, கைப்பிடியைச் சுழற்றி உயர்த்தும் வகையே போதும்.

மேசைப் பலகை 120க்கு 60 செண்டிமீட்டர் இருந்தால் மடிக்கணினி வேலைக்கு ஆகும். ஆனால் கணக்கு வேலையில் பற்றுச்சீட்டுகளையும் பேரேட்டையும் விரித்து வைக்க வேண்டியிருப்பதால் 140க்கு 70 என்பதே என் பரிந்துரை. பலகைக்கு ரப்பர் மரத்தைக் கேளுங்கள். பால் வற்றிய மரங்களை 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யும் வழக்கத்தால் கிடைக்கும் இந்த மரத்தை நம்பித்தான் மூவாரில் தளவாடத் தொழிலே வளர்ந்தது. நம் பாட்டிமார் அதிகாலையில் பால் வெட்டிய மரத்தின் மேல் பேத்தி கணக்கு எழுதுவதை நான் பெருமையாகவே கருதுகிறேன். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால், அறுத்த சில நாட்களுக்குள் போரான் மருந்து ஏற்றி, உலையில் உலர்த்தாவிட்டால் நீலப்பூசணமும் துளைக்கும் வண்டும் வந்துவிடும். மருந்தேற்றிய பலகையா என்று கேட்டு, துண்டுகளை விரல் கோத்ததுபோல் பல்லிணைப்பாகச் சேர்த்த 25 மில்லிமீட்டர் கனப் பலகையை வாங்குங்கள். மெலமின் ஒட்டிய மரத்தூள் பலகை விலை குறைவுதான். ஆனால் நம் ஈரப்பதத்தில், ஒரு முறை தண்ணீர் கொட்டினாலும், விளிம்பு ஊதிவிடும். பலரும் மாறி மாறித் துடைக்கும் மேசைக்கு அது நெடுநாள் உழைக்காது.

கடைவீட்டில் மேசைகளைச் சன்னலுக்கு எதிரிலோ சன்னலுக்கு முதுகு காட்டியோ போடாதீர்கள். பக்கச் சுவரை ஒட்டி, சன்னல் ஒளி அமர்பவரின் தோளுக்குப் பக்கவாட்டில் விழுமாறு போட்டால் திரையில் கூச்சம் இருக்காது. நடுப்பகுதி இருட்டாகத்தான் இருக்கும். மலேசியத் தர ஆவணமான எம்.எஸ். 1525 பொது அலுவலக வேலைக்கு 300 முதல் 400 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) வரை ஒளியைப் பரிந்துரைக்கிறது. நடுவில் உள்ள மேசைகளுக்குக் கூரை விளக்குகளைக் கூட்டியே ஆக வேண்டும். எல்லா மேசைகளிலும் ஒரே அளவு ஒளி இருப்பது பகிர்வு முறைக்கு மிக முக்கியம். இல்லையென்றால் முன்சன்னல் மேசைக்குப் போட்டியும் நடு மேசைக்கு வெறுப்பும் வந்து, ஒரு மாதத்தில் ஆளுக்கொரு மேசை என்ற பழைய நிலைக்கே திரும்பிவிடுவீர்கள்.

230 வோல்ட் (கோலக்கங்சார்) பதில்:

மின்கம்பி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். பதிவு பெற்ற ஒயர்மேன் நான்.

மடிக்கணினியின் மின்னேற்றி 65 வாட், 24 அங்குலத் திரை ஏறத்தாழ 30 வாட். கைப்பேசி மின்னேற்றியையும் சேர்த்து ஒரு மேசைக்கு 120 வாட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், எட்டு மேசைக்கும் 960 வாட், அதாவது 230 வோல்ட்டில் 4 ஆம்பியரைச் சற்றே தாண்டும். ஆகவே மேசைகளால் உங்கள் கட்டடத்துக்கு ஆபத்து இல்லை. ஆபத்து தேநீர் மூலையில் இருக்கிறது. ஒரு கெட்டில் மட்டுமே 2,200 வாட் இழுக்கும். அதையும் மைக்ரோவேவையும் மேசைகளுக்குச் செல்லும் அதே கம்பியில், அதுவும் ஒரு எக்ஸ்டென்ஷன் வழியாக, மாட்டிவிடுகிறார்கள். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட்தான். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகும் வழக்கத்தை உங்கள் அலுவலகத்தில் முதல் நாளே தடை செய்யுங்கள். கருகிய சாக்கெட்டுகளைக் கழற்றிய கையோடு சொல்கிறேன்.

என் யோசனை இது. மேசைகளுக்கு இரண்டு தனிச் சுற்றுகள். சுற்றுக்கு நான்கு மேசைகள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்). தேநீர் மூலைக்குத் தனிச் சுற்று, குளிரூட்டிகள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று. சாக்கெட்டுகளுக்கான ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் உள்ளதாக இருக்கட்டும். வெவ்வேறு ஆட்கள் நாள்தோறும் பிளக்கைச் செருகிக் கழற்றும் இடத்தில் கம்பி தேய்வதும் பிளக் தளர்வதும் விரைவாகவே நடக்கும். சாக்கெட்டைத் தரையோரம் வைக்காமல், மேசைப் பலகையை விட ஒரு சாண் உயரத்தில் சுவரில் வைத்தால், குனிந்து மேசைக்கடியில் கைவிட வேண்டிய தேவையே எழாது. மேசைக்கு மூன்று சாக்கெட் போதும். அவற்றில் ஒன்று வருபவர் பயன்பாட்டுக்கென்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும். திரைக்கும் இணைப்புக் கருவிக்கும் உரிய பிளக்குகளை யாரும் பிடுங்காதவாறு கீழே ஒரு மூடிய தட்டில் வைத்துவிடுங்கள்.

சுங்கை சிப்புட்டில் மாலை நேர இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்தின் விநியோகப் பலகையிலேயே இடித்தாங்கிப் பாதுகாப்புச் சாதனம் ஒன்றைப் பொருத்துங்கள். அதற்கு முன் நிலக்கம்பியின் தடையை அளந்து பார்க்க வேண்டும். பழைய கடைவீடுகள் சிலவற்றில் நிலக்கம்பி பேருக்குத்தான் இருக்கிறது, அத்தகைய இடத்தில் எந்தச் சாதனமும் காப்பாற்றாது. இணையப் பெட்டிக்கும் வலைச் சுவிட்சுக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். (மின்தடையில் மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் கருவி) வையுங்கள். ஆர்.சி.சி.பி. இடியில் விழுந்தாலும் மடிக்கணினிகள் தம் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும், இணையமும் இருந்தால் வேலை நிற்காது. யு.பி.எஸ். மின்கலம் நம் வெப்பத்தில் மூன்று ஆண்டுகளை ஒட்டிச் சோர்ந்துவிடும் என்பதையும் குறித்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஜி, எச் படிவங்களைக் கேட்டு வாங்குங்கள். கம்பி வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கும் சோதித்ததற்கும் உரிய சான்றிதழ்கள் அவை. எரிசக்தி ஆணையத்தில் பதிவில்லாதவர் அவற்றைத் தர முடியாது.

தங்கை கணக்கர் (பாடாங் செராய், கெடா) பதில்:

கேள்வி கேட்ட அண்ணன் எழுதியதில் கடைசிப் பத்தியைத்தான் நான் பல முறை படித்தேன். எட்டு மேசைகளையும் பகிர்ந்தே ஆக வேண்டுமா என்று மீண்டும் யோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எல்லோருடைய வேலையும் ஒன்றல்ல. சம்பளப் பட்டியல் பார்ப்பவர் ஊழியர் சேமநிதி, பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) ஆவணங்களோடும் அடையாள அட்டை எண்களோடும் நாள் முழுவதும் இருப்பவர். நாள்தோறும் மாலையில் அத்தனையையும் பூட்டிவிட்டுக் காலையில் மீண்டும் விரிப்பது அவருக்கு வீண் உழைப்பு, உங்களுக்கு ஆவணம் தொலையும் வாய்ப்பு. தொலைபேசியை எடுப்பவரும் வாடிக்கையாளரை வரவேற்பவரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் வருபவர்களுக்கும் தெரியும். முதுகு வலிக்காக மருத்துவர் குறிப்பிட்ட நாற்காலி வேண்டியவருக்கும், கருவுற்றிருப்பவருக்கும் நிலையான இடம் தருவது சலுகை அல்ல, நியாயம். நாங்கள் இங்கே இரண்டு மேசைகளை நிலையானவையாக வைத்துக்கொண்டு மீதியைப் பகிர்ந்துகொண்டோம். சச்சரவு எழாததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். உங்களிடம் பதின்மூன்று பேர். இரண்டு மேசைகள் நிலையானவை என்றால் மீதி ஆறு மேசைகளுக்குப் பதினொருவர். சராசரி வருகையைப் பார்க்காமல், மிக நெரிசலான நாளைப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் போடும் வாரத்திலும், வரி அறிக்கை தரும் ஏப்ரல், ஜூன் மாதங்களிலும் எல்லோரும் வந்துவிடுவார்கள். சந்திப்பு அறையின் மேசையையும் அந்த நாட்களுக்கு வேலை மேசையாக மாற்றிக்கொள்ளுமாறு அங்கேயும் ஒரு திரையும் இரண்டு சாக்கெட்டும் வைத்துவிட்டால் நெருக்கடி தணியும்.

மரியாதை பற்றி நீங்கள் எழுதியதற்கு என் எண்ணம் வருமாறு. மேசை தம்முடையது இல்லை என்பதை மேலாளருக்கும் சேர்த்துச் சொன்னால் மட்டுமே அது நியாயமாகப் படும். கண்ணாடி அறைக்குள் உங்களுக்கென்று ஒரு பெரிய மேசையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால், அந்தப் பெற்றோர் நின்ற சன்னல் உள்ளே வந்துவிட்டதாகத்தான் பிள்ளைகள் உணர்வார்கள்.

மேல்மாடிக் கணக்கர்:

மூவருக்கும் நன்றி. சம்பளப் பட்டியல் பார்க்கும் அக்காவுக்கும் வரவேற்பில் இருப்பவருக்கும் நிலையான மேசை தருவதென முடிவு செய்கிறேன். எனக்கென்று தனி மேசை இருக்காது. மடிக்கணினிகளில் நான்கு ஆப்பிள், ஏழு விண்டோஸ்; விண்டோஸில் இரண்டு பழையவை. மேசையில் ஒரே ஒரு கம்பியைச் செருகினால் மின்சாரமும் திரையும் விசைப்பலகையும் கிடைத்துவிடும் என்று விற்பனையாளர் ஒருவர் சொல்கிறார். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

வலைக்கம்பி (தைப்பிங்) பதில்:

நம்பலாம், ஆனால் பதினொரு கணினிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகு. யூ.எஸ்.பி-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர். அந்தத் துளை வழியே என்ன செல்லும் என்பது கணினிக்குக் கணினி மாறும். சிலவற்றில் தரவு மட்டும் செல்லும், சிலவற்றில் மின்னேற்றமும் செல்லும், படமும் சேர்ந்து செல்பவை மூன்றாம் வகை. உங்கள் பழைய விண்டோஸ் கணினிகள் இரண்டிலும் படம் செல்லாது என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். ஆகவே எல்லா மேசையிலும் ஒரு எச்.டி.எம்.ஐ. கம்பியும் கூடவே கட்டியிருக்கட்டும். ஆப்பிள் கணினிகளில் எம்1, எம்2 அடிப்படைச் சில்லு உள்ள மடிக்கணினிகள் வெளித்திரை ஒன்றை மட்டுமே ஏற்கும். மேசைக்கு இரண்டு திரை வாங்கினால் அவர்களுக்கு ஒன்று வெறுமையாகவே இருக்கும். கணக்கு வேலைக்கு 27 அங்குலத் திரை ஒன்றே மேல் என்பது என் கருத்து. மடிக்கணினித் திரையை இரண்டாவதாகப் பயன்படுத்த, அதை உயர்த்தி வைக்க ஒரு தாங்கி போதும்.

தனி இணைப்புப் பெட்டி வாங்குவதற்குப் பதிலாக, உள்ளேயே யூ.எஸ்.பி-சி வழியாக 65 வாட்டுக்குக் குறையாமல் மின்சாரம் தரும் திரையைத் தேடுங்கள். விசைப்பலகையும் சுட்டியும் அந்தத் திரையின் முதுகிலேயே செருகப்பட்டிருந்தால், வருபவர் செருக வேண்டியது ஒரே கம்பி. மேசையில் பெட்டிகளும் குறையும், பழுதாகும் பொருளும் குறையும். திரையின் பின்புறம் கைத்தாங்கியில் மாட்டுவதற்கான 100 மில்லிமீட்டர் வேசா துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, உயரமும் தூரமும் மாற்றக்கூடிய கைத்தாங்கியில் மாட்டுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு ஒட்டியும், தூரம் கை நீட்டும் அளவுக்கும் இருக்க வேண்டும். ஆறடிக்காரரும் ஐந்தடிக்காரரும் அமரும் மேசையில் கைத்தாங்கி இல்லாமல் இது நடக்காது.

விசைப்பலகையும் சுட்டியும் கம்பியுள்ளவையாகவே இருக்கட்டும். கம்பியில்லாதவை மேசை மாறிப்போகும், மின்கலம் தீரும், எது எந்தக் கணினியோடு இணைந்திருக்கிறது என்ற தேடுதலில் காலை கழியும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் அஞ்சல், தமிழ்99 எதைப் பயன்படுத்தினாலும் அது அவரவர் மடிக்கணினியிலேயே இருப்பதால் விசைப்பலகை ஒரே மாதிரி இருப்பது தடையாகாது. எட்டு மேசைக்கும் ஒரே வகை, ஒரே நிறம், ஒரே இடம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உதிரியாக ஒவ்வொன்றிலும் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

இணையத்துக்கு மேசைதோறும் ஒரு கேட்6 வலைக்கம்பி இழுத்துவிடுங்கள். 100 மீட்டருக்குள் தான் அது ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் மாடியில் அந்த எல்லையை எட்டவே மாட்டீர்கள். வைஃபை கருவியை முன்பக்க மூலையில் இணையப் பெட்டியோடு விட்டுவிடாமல், மாடியின் நடுக்கூரையில் பொருத்துங்கள். வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை பெயர் வேண்டும். அச்சுப்பொறியின் முன் வந்து எண்ணைத் தட்டினால்தான் தாள் வெளிவரும் என்ற அமைப்பைச் செய்துகொள்ளுங்கள். மேசை பொதுவாகிவிட்ட இடத்தில் யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டு அச்சுப்பொறித் தட்டில் கிடப்பது, 2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மேல் சுமத்தும் பொறுப்புக்கு நேர் எதிரானது. எழுந்து போகும்போது திரையைப் பூட்டும் பழக்கத்தையும் எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள்.

மேல்மாடிக் கணக்கர்:

மிகத் தெளிவாகிவிட்டது. இனி எஞ்சியிருப்பது அவரவர் பொருள். மேசை மேல் முருகன் படம், குழந்தையின் நிழற்படம், தைலப் புட்டி, காலணி என்று எல்லோருக்கும் ஏதாவது உண்டு. ஆயுத பூசையன்று ஒவ்வொருவரும் தத்தம் மேசைக்குச் சந்தனம் வைப்பதும் எங்கள் வழக்கம். இவற்றுக்கெல்லாம் இடம் எங்கே?

தங்கை கணக்கர் (பாடாங் செராய்):

பூட்டுள்ள நிலைப்பேழை ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும், பதின்மூன்றும் ஒரே அளவில். மடிக்கணினி, தலையணி ஒலிக்கருவி, கைப்பை, சாப்பாட்டுப் பாத்திரம் ஆகியவை ஒன்றாக நுழையும் அளவு என்றால் அகலம் 30, உயரம் 45, ஆழம் 45 செண்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மோட்டார் சைக்கிளில் வருபவர்களின் தலைக்கவசத்துக்கும் மழைச்சட்டைக்கும் படிக்கட்டருகே தனித் தட்டு வைத்தால் ஈரம் உள்ளே வராது. பேழைக்குள் மின்னேற்றும் சாக்கெட் வைக்க ஆசைப்படாதீர்கள், மூடிய பெட்டிக்குள் மின்கலம் சூடாவதை யாரும் பார்க்க முடியாது. பேழையின் கதவில் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அந்தக் கதவின் உட்புறத்தில் முருகன் படத்தையும் குழந்தையின் படத்தையும் ஒட்டிக்கொள்ளலாம், யாரும் தொடமாட்டார்கள். ஆயுத பூசைக்கு எங்கள் அலுவலகத்தில் எல்லா மேசைகளுக்கும் வரிசையாக, எல்லோரும் சேர்ந்து சந்தனம் குங்குமம் இடுகிறோம். எது யார் மேசை என்ற கேள்வி அன்றைக்கு எழவில்லை.

மேசையைத் துடைக்கும் பொறுப்பைத் துப்புரவுப் பணியாளரிடம் விட்டுவிடாதீர்கள். எழுந்து செல்பவரே துடைக்க வேண்டும். அதற்கு, மேசைதோறும் ஒரு துணியும் தெளிப்பான் புட்டியும் இருக்க வேண்டும். விசைப்பலகைக்கு 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பில் சாராயம் நனைத்த துணி. மரப்பலகைக்கு ஈரத்துணி மட்டும், ஏனெனில் சாராயம் ரப்பர் மரத்தின் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். முன்பதிவுக்குச் செலவு செய்து மென்பொருள் வாங்க வேண்டாம். எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு விரிதாளில் வார நாட்களும் மேசை எண்களும் இருந்தால் போதும். முந்தைய மாலைக்குள் பெயர் எழுதாதவருக்கு அன்று காலை காலியாக இருக்கும் மேசை. ஒரே மேசையைத் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் ஒருவர் பதிவு செய்யக் கூடாது என்ற விதியை எழுத்தில் வையுங்கள்.

மரமும் மேசையும் (ஈப்போ):

ஒன்றைச் சேர்க்கிறேன். பிளவு வகைக் குளிரூட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. சன்னல்களைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் அமர்ந்தால் பிற்பகலில் தலை கனக்கும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர நெறிமுறை கரியமில வாயுவுக்கு 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) என்றும் வெப்பநிலைக்கு 23 முதல் 26 பாகை என்றும் எல்லை வைத்திருக்கிறது. பின்சுவரில் ஒரு வெளியேற்றும் விசிறியும் முன்சன்னலில் ஒரு சிறு திறப்பும் வைத்தால் காற்று நீள வாக்கில் ஓடும். கடைவீட்டின் வடிவமே அதற்கு வசதியானது. அளவிடும் கருவி இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, ஒன்றை நடுமேசையருகே மாட்டுங்கள். மேலும், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 2024 ஜூன் 1 முதல் சட்டம். உங்கள் பணியாளர் ஒருவரே பயிற்சி பெற்று அப்பொறுப்பை ஏற்கலாம்.

மேல்மாடிக் கணக்கர்:

சம்பளப் பட்டியல் பார்க்கும் அக்கா அந்தப் பயிற்சிக்குச் செல்ல விருப்பம் தெரிவித்திருக்கிறார். கோலக்கங்சார் அண்ணன் எப்போது வந்து நிலக்கம்பியை அளந்து பார்க்க முடியும் என்று தனிச்செய்தியில் தெரிவித்தால், அதற்குப் பின்பே மேசைகளுக்குச் சொல்லி வைக்கிறேன்.